தோள் வலிக்கு எந்தப் படம்? மலையிலிருந்து இறங்குவதற்கு முன்

சித்தியால் வலது கையைத் தூக்கிக் கொடியில் துணி போட முடியவில்லை. தீபாவளிக்கு முன்பே லேசாக ஆரம்பித்த வலி. கார்த்திகை பிறந்த பிறகு, இரவில் அந்தப் பக்கம் புரண்டு படுத்தாலே விழிப்பு வந்துவிடுகிறது. கோத்தகிரிக்குக் கீழே அவர்களுக்கு அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. கொழுந்து பறிப்பது, கத்திரி பிடிப்பது, மூட்டையைத் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவருவது எல்லாம் சித்திதான்.

கோவையில் வேலை பார்க்கும் சித்தி மகன், என் தம்பி, போனில் சொன்னான்: "எதுக்குக்கா இழுத்துக்கிட்டு இருக்கீங்க? நேரா எம்ஆர்ஐ எடுத்துடலாம். என்னன்னு தெரிஞ்சுடும்ல." சித்தப்பாவுக்கு எக்ஸ்ரே போதும். பக்கத்து வீட்டு அக்காவோ, அல்ட்ராசவுண்டிலேயே ஜவ்வு கிழிந்திருப்பது தெரியும், அவருடைய நாத்தனாருக்கு அப்படித்தான் பார்த்தார்கள் என்றார். கடைசியில் கேள்வி என்னிடம் வந்தது. குன்னூரில் மருந்துக்கடையில் 14 வருடமாக வேலை செய்கிறேன். சீட்டைப் படித்துச் சொல், ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல் என்று எங்கள் ஊரில் எல்லோரும் வருவார்கள்.

நான் மருத்துவர் இல்லை. ஆனால் தோள் விஷயத்தில் இரண்டு தவறான முடிவுகளைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒருவருக்குத் தேவையில்லாத படத்தை முதல் நாளே எடுத்தார்கள். இன்னொருவருக்கு அவசியமான படத்தை நாலு மாதம் யாருமே எடுக்கவில்லை. அந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

அம்மாவின் தோள்

2019இல் அம்மாவுக்கு இடது தோளில் வலி. அப்போது வயது 54. முதலில் கையைப் பின்னால் கொண்டுபோய் ஜாக்கெட் கொக்கி போட முடியவில்லை. பிறகு தலை வார முடியவில்லை. கீழே ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். காலை முதல் பஸ், மேட்டுப்பாளையத்தில் மாறி, வளைவுகளில் இரண்டு முறை வாந்தி. டாக்டர் அம்மாவின் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எம்ஆர்ஐ எடுத்து வரச் சொல்லிச் சீட்டு எழுதினார். ஸ்கேன் அறைக்குப் போகும்முன் உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது என்றார்கள். அம்மா கம்மலையும் மெட்டியையும் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தாலிக்கு மட்டும் தயங்கி நின்றார். நான் வெளியே ஓடி ஒரு மஞ்சள் கயிறு வாங்கி வந்தேன். அதில் மஞ்சள் துண்டு கட்டிக் கழுத்தில் போட்ட பிறகுதான் தாலிக்கொடியைக் கழற்றினார். உள்ளே அரை மணி நேரம், டமடம என்று சத்தம். வெளியே வரும்போது முகம் வெளுத்திருந்தது.

ரிப்போர்ட்டில் ஒரு ஜவ்வு பாதி கிழிந்திருப்பதாக இருந்தது. அதை வைத்து ஆபரேஷன் என்றார்கள். செலவைக் கேட்டு நாங்கள் மலையேறி வந்துவிட்டோம். இரண்டு வாரம் கழித்து, மேலேயே ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டினோம். அவர் படத்தைக் கையில் வாங்கவே இல்லை. அம்மாவின் முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கி வைத்துக்கொண்டு, கதவைத் திறப்பதுபோல முன்கையை வெளிப்பக்கம் திருப்பினார். கொஞ்சம்கூட நகரவில்லை. வலது கையைத் திருப்பினார், தாராளமாகப் போனது. "உறைந்த தோள்மா இது. சுகர் எப்பப் பார்த்தீங்க?" என்று கேட்டார். பார்த்ததே இல்லை. பார்த்தபோது 260.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு உறைந்த தோள் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வரும். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுவதுதான் அது. வலிக்கும் கட்டம், இறுகும் கட்டம், தளரும் கட்டம் என்று ஒன்றிலிருந்து மூன்று வருடம்வரை இழுக்கும். கண்டுபிடிக்கக் கை போதும், எம்ஆர்ஐ தேவையில்லை. அம்மாவுக்குச் சர்க்கரைக்கு மாத்திரை, மூட்டுக்குள் ஓர் ஊசி, தினசரிப் பயிற்சி. அந்த ஊசியால் சில நாள் சர்க்கரை ஏறும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள், ஏறியது. 14 மாதத்தில் தானே கொண்டை போட்டுக்கொண்டார். பாதி கிழிந்த ஜவ்வு? அது இன்னும் அப்படியேதான் இருக்கும். அம்மாவுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

படம் காட்டும் அதிகப்படி

தோள் படங்களை ஒப்பிடும்போது பலரும் விட்டுவிடுவது இதைத்தான். 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தோளில் வலியே இல்லாத 96 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 34 சதவீதம் பேரின் தோளில் ஜவ்வு கிழிசல் இருந்தது. 60 வயதைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்தால் 54 சதவீதம். அதாவது வலியில்லாத பாட்டிகளும் தாத்தாக்களும் பத்துப் பேர் வரிசையில் நின்றால், ஐந்து பேருக்குக் குறையாமல் கிழிசல் இருக்கும். நரைமுடி மாதிரிதான் அது, வயதோடு வருகிறது. ஆகவே 58 வயது சித்திக்கு எம்ஆர்ஐ எடுத்தால் ஏதாவது ஒன்று எழுதித்தான் வரும். எழுதி வந்த அதுதான் வலிக்குக் காரணமா என்பதைப் படத்தால் சொல்ல முடியாது. கையை ஆட்டிப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல முடியும்.

தம்பியிடம் இதைச் சொன்னபோது, "தெரிஞ்சு வச்சிக்கிறது நல்லதுதானே?" என்றான். நல்லதுதான், தெரிந்ததை வைத்து வேறு ஒன்றைச் செய்யப் போகிறோம் என்றால். படம் எப்படி வந்தாலும் ஆறு வாரம் பயிற்சிதான் என்றால் அந்தப் படத்தை இப்போது எடுக்க வேண்டியதில்லை. கடையில் நிறையப் பேரைப் பார்க்கிறேன். ரிப்போர்ட்டில் கிழிசல் என்ற சொல்லைப் படித்த நாளிலிருந்து கையையே அசைக்க மாட்டார்கள். அசைக்காத தோள் இறுகும். வலி கூடும். கூடிய வலிக்கு ரிப்போர்ட்டைக் காட்டுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. தோள் வலிக்கு உலகம் முழுக்க வழக்கமாகச் செய்துவந்த ஓர் ஆபரேஷன், தோள் மூட்டுக்கு மேலே கூரைபோல இருக்கும் மேல் எலும்பின் அடிப்பக்கத்தைச் சீவி ஜவ்வுக்கு இடம் விடுவது. பிரிட்டனில் 313 பேரை வைத்து அதைச் சோதித்தார்கள், முடிவு 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எலும்பைச் சீவியவர்களுக்கும், துளைபோட்டுக் கேமராவால் பார்த்ததோடு நிறுத்தியவர்களுக்கும் பலனில் வித்தியாசம் இல்லை.

பக்கத்து லைன் அண்ணன்

மேலே சொன்னதைப் படித்துவிட்டு, படமே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. அதற்காகவே அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் லைன் வீட்டுக்கு (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு) இரண்டு வீடு தள்ளி இருப்பவர், 46 வயது. எஸ்டேட்டில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் கிளை கழிக்கும்போது வழுக்கினார். விழாமல் ஒரு கையால் கிளையைப் பிடித்துத் தொங்கி, அப்புறம் விழுந்தார். தோளில் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது என்று அன்றைக்கே சொன்னார். எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு முறியலை, ஒன்னும் பயப்படாதீங்க" என்று மாத்திரையும் ஜெல்லும் எழுதி அனுப்பினார்கள். எலும்பு முறியவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவரால் கையைத் தூக்க முடியவில்லை. இன்னொருவர் தூக்கிவிட்டால் மேலே போகும், விட்டதும் பொத்தென்று விழும். நாலு மாதம் எங்கள் கடைக்கு வந்து ஜெல் வாங்கினார். அந்த நாலு மாதமும் அவருக்கு அதை எடுத்துக் கொடுத்தது நான். ஒரு நாளாவது, "அண்ணே, கையைத் தூக்குங்க பார்ப்போம்" என்று கேட்டிருந்தால் என்ன என்று இன்றும் மனது அடித்துக்கொள்கிறது.

கடைசியில் எம்ஆர்ஐ எடுத்தபோது இரண்டு ஜவ்வு முழுதாக அறுந்து உள்ளே சுருண்டு போயிருந்தது. அதோடு இணைந்த தசை இளைத்து, அதற்குள் கொழுப்பு ஏறியிருந்தது. இப்போது தைத்தாலும் பிடிக்குமா என்பது சந்தேகம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அடிபட்டு அறுந்த ஜவ்வை ஆரம்ப வாரங்களிலேயே தைத்தால் பலன் நன்றாக இருக்கும், நாள் போகப் போகக் குறையும். அண்ணன் இப்போது மார்பு உயரத்துக்குமேல் கையைத் தூக்குவதில்லை. கவாத்து வெட்டியவர், இன்று கொழுந்து எடைபோடும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த இரண்டு தோளிலிருந்தும் எனக்கு விளங்கியது இதுதான். எந்தப் படம் என்பதை முடிவு செய்வது இரண்டு கேள்விகள். வலி திடீரென்று ஓர் அடியில் வந்ததா, மெதுவாக வந்ததா? கை தானாகப் போகாமல் மற்றவர் தூக்கினால் போகிறதா, இல்லை யார் தூக்கினாலும் போகவில்லையா? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் கேட்கிற படம் எதுவாக இருந்தாலும் குருட்டாம்போக்கு.

தோளுக்குள் என்ன இருக்கிறது

இடுப்பு மூட்டு ஆட்டுக்கல்லுக்குள் குழவி உட்கார்ந்திருப்பதுபோல ஆழமானது. தோள் மூட்டு அப்படி இல்லை. டீ சாசர் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்த மாதிரி. அதனால்தான் கை இத்தனை பக்கமும் சுழல்கிறது, அதனால்தான் எளிதில் நழுவவும் செய்கிறது. பழம் உருண்டு ஓடாமல் சுற்றிப் பிடித்திருப்பவை நாலு சிறிய தசைகளும் அவற்றின் ஜவ்வுகளும். மருத்துவர்கள் தசைநாண் என்பார்கள், ரிப்போர்ட்டில் ரொட்டேட்டர் கஃப் என்று வரும். அதற்கு மேல் உராய்வைத் தாங்கும் சிறு நீர்ப்பை, பர்சா. சாசரின் ஓரத்தில் ரப்பர் வளையம்போல லேப்ரம். எல்லாவற்றையும் மூடி உறை. எந்தப் படம் இதில் எதைக் காட்டும் என்பதுதான் ஒப்பீடு.

எக்ஸ்ரே

1895இல் ரான்ட்ஜன் கண்டுபிடித்தது, இன்றும் முதலில் எடுக்க வேண்டியது இதுதான். எலும்பு முறிவு, மூட்டு நழுவல், தேய்மானம், எலும்பில் கட்டி, காசநோய் அரிப்பு இவற்றைக் காட்டும். ஜவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தால் எம்ஆர்ஐயைவிட எக்ஸ்ரேயில்தான் பளிச்சென்று தெரியும். நடுராத்திரியில் திடீரென்று உயிர்போகிற தோள் வலி என்று வருகிறவர்களில் சிலருக்கு இந்தச் சுண்ணாம்புதான் காரணம். சில நூறு ரூபாயில் முடிகிற படம் அதைச் சொல்லிவிடும்.

கதிர்வீச்சைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் கதிரை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு தோள் எக்ஸ்ரே அதில் ஓரிரு நாள் பங்குதான். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று தோன்றினாலோ எடுப்பவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. அண்ணனுக்கு நடந்த தவறு எக்ஸ்ரே எடுத்ததில் இல்லை, அது நன்றாக இருக்கிறது என்றதும் கதையை முடித்ததில்தான். ரொம்ப நாளான பெரிய கிழிசல் என்றால் மட்டும் உருண்டை எலும்பு மேலேறி மேல் எலும்பை நெருங்கி நிற்கும். அதை அனுபவமுள்ள கண் பிடிக்கும்.

எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை கோணம் என்று பாருங்கள். குறைந்தது இரண்டு வேண்டும், நேராக ஒன்று, பக்கவாட்டில் அல்லது அக்குள் வழியாக ஒன்று. வலிப்பு வந்தவர்களுக்கும் கரண்ட் அடித்தவர்களுக்கும் சில நேரம் தோள் பின்பக்கமாக நழுவும். நேர்ப் படத்தில் அது கிட்டத்தட்டச் சரியாக இருப்பதுபோலவே தெரியும். உறைந்த தோள் என்று நினைத்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். இரண்டாவது கோணம் இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். உறைந்த தோளைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம் என்றாலும் மருத்துவர்கள் ஓர் எக்ஸ்ரே கேட்பது இதற்கும், தேய்மானம் இல்லை என்று பார்ப்பதற்கும்தான்.

அல்ட்ராசவுண்ட்

மலையில் இருப்பவர்களுக்கு நான் அதிகம் பரிந்துரைக்க நினைப்பது இதை. ஒரு நிபந்தனையோடு.

கதிர் இல்லை, சத்தம் இல்லை, குழாய்க்குள் படுக்க வேண்டாம், தாலியைக் கழற்ற வேண்டாம். தோளில் ஜெல் தடவிக் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டே "கையைத் தூக்குங்க, பின்னாடி கொண்டு போங்க" என்பார்கள். அசையும்போது ஜவ்வு எங்கே மாட்டுகிறது என்பது திரையில் தெரியும். எம்ஆர்ஐயில் இப்படி அசைத்துப் பார்க்க முடியாது. மற்ற தோளையும் உடனே பார்த்து ஒப்பிடலாம். முழுதாக அறுந்த ஜவ்வைக் கண்டுபிடிப்பதில், பழகிய கையில் இது எம்ஆர்ஐக்கு ஏறக்குறைய ஈடு. ஊசி போட வேண்டியிருந்தால் முனை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே போடலாம்.

அந்தப் பழகிய கை என்பதுதான் நிபந்தனை. நம் ஊர் ஸ்கேன் மையங்களில் பெரும்பாலும் வயிறும் கர்ப்பமும்தான் பார்க்கிறார்கள். தோள் ஜவ்வைப் பார்ப்பது தனிப் பழக்கம். கருவியை ஒரு சாய்வு தப்பாகப் பிடித்தால் நல்ல ஜவ்வே கிழிந்த மாதிரி கறுப்பாகத் தெரியும். அதனால் போவதற்கு முன் போன் போட்டு, "தோள் ஜவ்வு ஸ்கேன் உங்க டாக்டர் பார்ப்பாங்களா? எந்தக் கிழமை வருவாங்க?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். சிறிய ஊர்களில் ஸ்கேன் டாக்டர் எல்லா நாளும் இருக்க மாட்டார். பதில் இழுத்தடித்து வந்தால் வேறு மையம் பாருங்கள்.

இவ்வளவு சின்னக் கருவி, எஸ்டேட்டுக்கே கொண்டுவந்து பார்க்கக் கூடாதா என்று ஒரு பாட்டி கேட்டார். நியாயமான கேள்விதான். கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994இல் வந்த சட்டப்படி ஒவ்வொரு ஸ்கேன் கருவிக்கும் பதிவு உண்டு, பதிவான இடத்தை விட்டு நினைத்தபடி எடுத்துப்போக முடியாது. ஸ்கேன் மையத்துச் சுவரில் பாலினம் கண்டறிவது குற்றம் என்று பலகை இருக்கிறதே, அதே சட்டம்தான்.

எலும்புக்குள் என்ன நடக்கிறது, லேப்ரம் கிழிந்ததா, மூட்டின் ஆழத்தில் என்ன என்பதெல்லாம் இதில் தெரியாது. கையே தூக்க முடியாத அளவு இறுகிய தோளிலும் பார்ப்பது கஷ்டம்.

எம்ஆர்ஐ

காந்தத்தால் எடுக்கும் படம். சாதாரணமாகக் கிடைக்கும் 1.5 டெஸ்லா இயந்திரத்தின் காந்தம் பூமியின் காந்தத்தைப்போல முப்பதாயிரம் மடங்குக்கும் மேல் வலிமையானது. அதனால்தான் அத்தனை கெடுபிடி. பேஸ்மேக்கர், மூளையில் போட்ட கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி, கண்ணில் எப்போதாவது தெறித்த இரும்புத் துகள் இவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெல்டிங் பட்டறையிலும் ஃபேக்டரியிலும் வேலை செய்தவர்கள் கடைசியாகச் சொன்னதை மறந்துவிடுவார்கள், வீட்டில் இருப்பவர்கள் நினைவுபடுத்துங்கள். அடைத்த இடத்தில் மூச்சு முட்டும் என்பவர்களும் முன்பே சொல்லிவிடலாம். அதற்கு வழி செய்வார்கள்.

ஜவ்வு, தசை, லேப்ரம், எலும்பின் உட்பகுதி என்று எல்லாவற்றையும் ஒரே படத்தில் காட்டுவது இதுதான். அறுந்த ஜவ்வு எவ்வளவு தூரம் சுருண்டிருக்கிறது, தசையில் கொழுப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை ஆபரேஷன் செய்யப் போகிற மருத்துவர் தெரிந்துகொள்ள இது வேண்டும். ஆகவே ஆபரேஷன் பேச்சு உண்மையிலேயே வந்தபிறகும், அடிபட்டுக் கை தூக்க முடியாமல் போனவர்களுக்கும், கட்டியோ கிருமியோ என்று சந்தேகம் உள்ளவர்களுக்கும் இதில் காசு போடலாம். திரும்பத் திரும்பத் தோள் நழுவும் இளைஞர்களுக்கு மூட்டுக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எம்ஆர்ஐ கேட்பார்கள், லேப்ரத்தைப் பார்க்க. கபடியில் தோள் நழுவிய பையன்கள் இரண்டு பேர் எங்கள் பகுதியிலேயே அப்படி எடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்தில்லாத சாதாரண எம்ஆர்ஐ போதும்.

சி.டி. ஸ்கேன் சாதாரணத் தோள் வலிக்குத் தேவைப்படுவது அபூர்வம். எலும்பு பல துண்டாக நொறுங்கியிருந்தாலோ, நழுவி நழுவிச் சாசர் ஓரம் எவ்வளவு தேய்ந்தது என்று அளக்க வேண்டியிருந்தாலோ கேட்பார்கள். எக்ஸ்ரேயைவிடக் கதிர் பல மடங்கு கூடுதல்.

மலையின் கணக்கு

ஸ்கேன் கட்டணம் மட்டும் செலவு இல்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்கிருந்து கோவைக்கு ஏறக்குறைய அதே தூரம். வலிக்கிற தோளோடு பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தனை வளைவு. ஒருநாள் கூலி, துணைக்கு வருகிறவரின் ஒருநாள் கூலி, சாப்பாடு. ரிப்போர்ட் மறுநாள் என்றால் எல்லாம் இரண்டு மடங்கு. வடகிழக்கு மழையில் மண் சரிந்தால் போன இடத்திலேயே இரவு தங்க வேண்டியதுதான். மே மாத சீசனில் ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிறவற்றைக் கோத்தகிரி வழியாகவும் விடுவார்கள், சனி ஞாயிறில் பாதி நாள் ரோட்டிலேயே போகும். இதையெல்லாம் சேர்த்துத்தான் எக்ஸ்ரேயையும் எம்ஆர்ஐயையும் எடைபோட வேண்டும்.

முன்பைவிட இப்போது ஒரு வசதி உண்டு. ஊட்டியில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, 2025 ஏப்ரலில் 700 படுக்கையுள்ள அதன் மருத்துவமனையும் திறந்தாயிற்று. எலும்பு மருத்துவரின் கையால் ஒரு சோதனை, ஒரு எக்ஸ்ரே, ஒரு சுகர் டெஸ்ட், இந்த மூன்றுக்காக யாரும் மலையிறங்க வேண்டியதில்லை. இறங்கித்தான் ஆக வேண்டும் என்று அங்கே சொன்னால், என்ன தெரிந்துகொள்வதற்காக என்பதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு இறங்குங்கள். "வலது தோள், அடிபட்டது, கை தூக்க முடியவில்லை, ஜவ்வு முழுதும் அறுந்ததா பார்க்கவும்" என்று எழுதிய சீட்டுக்கும், "தோள் வலி" என்று மட்டும் எழுதிய சீட்டுக்கும் வருகிற ரிப்போர்ட்டே வேறு மாதிரி இருக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், காசு கட்டுவதற்கு முன்பு காப்பீட்டு மேசையில் காட்டிக் கேட்டுவிடுங்கள். ஃபிலிமோடு குறுந்தகடும் வாங்குங்கள், மழைநாளில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொண்டுவாருங்கள். பழைய படம் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், இரண்டையும் ஒப்பிட்டால்தான் கிழிசல் புதிதா பழையதா என்று தெரியும்.

பயிற்சிக்கும் நடக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி) சேர்ந்தது, வீட்டுக்கே வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் பல பேருக்கு இது தெரியாமலே இருக்கிறது.

காத்திருக்கக் கூடாதவர்கள்

விழுந்தோ இழுபட்டோ அன்றிலிருந்து கை தூக்க முடியாதவர்கள். தோள் வடிவமே மாறித் தெரிபவர்கள். காய்ச்சலோடு மூட்டு வீங்கிச் சூடாக இருப்பவர்கள். காரணமில்லாமல் உடம்பு இளைத்து, ஓய்விலும் வலிப்பவர்கள், முன்பு புற்றுநோய் வந்தவர்கள். நெடுநாள் பீடி சிகரெட் பிடித்து, தோள் வலியோடு கை விரல்களில் மதமதப்பும் உள்ளவர்கள் (நுரையீரல் உச்சியில் வரும் கட்டி தோளில்தான் முதலில் வலிக்கும், நெஞ்சு எக்ஸ்ரேயும் வேண்டும்). இவர்களுக்கு ஆறு வாரம் பயிற்சி செய்து பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது.

இடது தோள் வலியோடு நெஞ்சு பாரம், வியர்வை, மூச்சு வாங்கல் இருந்தால் தோள் படம் எதுவும் வேண்டாம், முதலில் ஈசிஜி. குளிர்காலத்தில் விடியற்காலை இப்படி வந்து, குளிரில் பிடித்துக்கொண்டது என்று தைலம் கேட்டவரை ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே தெரியாமல் தோள் மட்டும் வலிப்பதுண்டு. வலது தோள் வலி பித்தப்பையிலிருந்தும் வரலாம், சாப்பிட்டதும் கூடினால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கழுத்தைத் திருப்பும்போது கைவரை சுரீரென்று இழுத்தால் பார்க்க வேண்டியது கழுத்தைத்தான்.

சித்திக்கு என்ன செய்தோம்

போன மாதம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டேன். விழவில்லை, இழுபடவில்லை. மெதுவாகத்தான் வந்தது. கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னேன். இடுப்பிலிருந்து கொஞ்சம் மேலே வந்ததும் முகம் சுளித்தார், தோள் உயரத்தைத் தாண்டியதும் வலி விட்டது, உச்சிவரை போனது. நான் பிடித்துத் தூக்கியபோது தடையில்லாமல் போனது. விட்டேன், கை விழவில்லை. முழங்கையை இடுப்பில் ஒட்டி வெளியே திருப்பினேன், இரண்டு கையும் ஒரே அளவு. நான் பார்த்தது அவ்வளவுதான், முடிவு சொல்வது என் வேலை இல்லை. மறுவாரம் மருத்துவர் இதையே இன்னும் நிதானமாகப் பார்த்தார், கழுத்தையும் பார்த்தார். இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு சுத்தம், சுண்ணாம்பும் இல்லை. சுகரும் பார்த்தோம், பயப்படும்படி இல்லை. ஜவ்வு உரசல், ஆறு வாரம் பயிற்சி, அதன்பிறகும் பலம் குறைவாகத் தெரிந்தால் அல்ட்ராசவுண்ட் என்று எழுதிக் கொடுத்தார். எம்ஆர்ஐ இப்போதைக்கு இல்லை.

தம்பிக்கு முதலில் மனசே ஆறவில்லை. அம்மாவுக்குச் செலவு பண்ண யோசிக்கிறோமோ என்று அவனுக்கு வருத்தம். அந்தப் பாசம் புரிகிறது. செலவு பண்ண வேண்டும் என்றால் மூட்டை தூக்க ஒரு ஆளை இரண்டு மாதத்துக்கு வைத்துக் கொடு என்றேன். வைத்துவிட்டான்.

இப்போது நாலாவது வாரம். சித்தி காலையில் அடுப்பு மூட்டிவிட்டு, சமையல்கட்டுச் சுவரில் விரலால் நடந்து கையை மேலே ஏற்றுகிறார். எட்டிய இடத்தில் கரியால் கோடு. நேற்றுப் பார்த்தபோது ஆறு கோடு இருந்தது, மேலே உள்ளது ஜன்னல் சட்டத்தைத் தாண்டியிருந்தது. ராத்திரி அந்தப் பக்கம் படுக்க இன்னும் முடியவில்லை. தை பிறந்தும் அப்படியே இருந்தால் போக வேண்டிய ஸ்கேன் மையத்துக்கு நான் ஏற்கெனவே போன் போட்டுக் கேட்டுவிட்டேன். தோள் பார்க்கிற டாக்டர் அங்கே வியாழக்கிழமை வருகிறார்.